பேலூர், ஹளேபீடு ஒரு நாள் பஸ் சுற்றுலா: 7,400 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன்

கர்நாடகத்தில் ஹாசன் பக்கம் உள்ள பழைய கோவில் ஊர்களான பேலூருக்கும் ஹளேபீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். இன்று செவ்வாய். இரண்டு நாளாக டிக்கெட் விற்ற கடைக்குப் போனில் பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பெங்களூரில் இருக்கும் நம் மக்கள் வேறு யாரும் அந்தக் கவுன்ட்டரில் பணம் கட்டிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள சந்துகளில் ஒன்று. லாட்ஜுக்குக் கீழே ஒரே ஒரு மேசை, சுவர் முழுக்கக் கோவில் படங்கள், "யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்" என்று பெரிய எழுத்தில் பலகை. ஊரெல்லாம் சுற்றுலா டிக்கெட் விற்கும் கடைகள் இருக்கும்போது அங்கே ஏன் போனேன் என்றால், மேசைக்குப் பின்னால் இருந்தவர் தமிழில் பேசினார். அவ்வளவுதான் காரணம்.

அம்மாவுக்கு 71 வயது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர். சோழ நாட்டை விட்டு வந்த இராமானுசரை ஆதரித்தவன் என்று வைணவர்கள் கொண்டாடும் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் 1117ஆம் ஆண்டு பேலூரில் பிரதிஷ்டை செய்த பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. முட்டி வலி முற்றுவதற்குள் போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டிக்கெட் எடுக்கும்போது அவரையும் அழைத்துப் போயிருந்தேன். அந்த ஆள் எழுந்து நின்று, "அம்மா, நீங்கள் எனக்கும் அம்மா மாதிரி. உங்களைக் கேசவப் பெருமாள் முன்னால் நிறுத்துவது என் பொறுப்பு" என்றார். அம்மா கண் கலங்கிவிட்டார். நான் மறுபேச்சில்லாமல் பணத்தை எண்ணி வைத்தேன்.

தலைக்கு 1,450 ரூபாய். அம்மா, மனைவி, மகள், நான் என்று நான்கு பேருக்கு 5,800. அதற்கு மேல் "நுழைவுக் கட்டணம், வழிகாட்டிக் கட்டணம்" என்று தலைக்கு 400 வீதம் 1,600. ஆக மொத்தம் 7,400 ரூபாய். பேலூரிலும் ஹளேபீட்டிலும் கோவிலுக்குள் போகக் கட்டணமே கிடையாது என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. வழிகாட்டி என்று ஒருவரும் வரவில்லை.

காலை ஆறு மணிக்குக் குளிர்சாதன பஸ் என்றார்கள். எட்டேகாலுக்கு வந்தது, ஏசி வேலை செய்யாத ஒரு பழைய வண்டி. யஷ்வந்தபுரம், பீன்யா என்று நின்று நின்று ஆள் ஏற்றி ஊரைத் தாண்டவே ஒன்பதரை. சிரவணபெளகொளாவில் ஒரே பாறையில் செதுக்கிய 57 அடி சமண பாகுபலி சிலையைப் பார்க்க அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். "நேரமில்லை, கீழிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள்" என்று பஸ்ஸில் இருந்தபடியே குன்றைக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் சொல்லிவைத்த ஹோட்டலில் ஒரு மணி நேரம், பட்டுப்புடவையும் சந்தனப் பொம்மையும் விற்கும் கடையில் முக்கால் மணி நேரம் நிற்க மட்டும் நேரம் இருந்தது.

பேலூருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். இருபது நிமிடம் என்றார்கள். அந்தக் கோவிலை இருபது நிமிடத்தில் என்ன பார்ப்பது? வெட்டும்போது மென்மையாக இருந்து பிறகு இறுகும் மாக்கல் என்பதால்தான் நகையின் மணியைக்கூடத் தனித்தனியாகச் செதுக்க முடிந்தது என்று மகள் பள்ளியில் படித்திருந்தாள். கண்ணாடி பார்க்கும் தர்ப்பண சுந்தரி சிற்பத்தைத் தேடி ஓடினாள். நாங்கள் அம்மாவைக் கைத்தாங்கலாக வரிசையில் நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மெல்ல மெல்ல நகர்ந்து, முன்னால் பதினைந்து இருபது பேர் இருக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். உள்ளே மணிச் சத்தம் கேட்கிறது. அப்போது பஸ் உதவியாளர் வந்து, "வண்டி கிளம்புகிறது, வராவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவோம்" என்று கத்தினார். பத்தே நிமிடம் கேட்டேன். முடியாது என்றார். 71 வயது அம்மாவை வரிசையிலிருந்து விலக்கி அழைத்து வந்தேன். அம்மா எதுவும் சொல்லவில்லை. கையில் வாங்கி வைத்திருந்த துளசி மாலையை வாசல்படியிலேயே வைத்துவிட்டு வந்தார்.

இவ்வளவு அவசரப்படுத்தியவர்கள் ஹளேபீட்டுக்காவது நேரத்தில் போனார்களா? வெறும் பதினாறு கிலோமீட்டர்தான். வழியில் டீக்கடையில் நிறுத்தி, போய்ச் சேரும்போது வாயிலைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். கோவில் சுவரைச் சுற்றி வரிசை வரிசையாக ஓடும் யானைச் சிற்பங்களையும் குதிரைச் சிற்பங்களையும் கம்பி வேலிக்கு வெளியே நின்று இருட்டில் தேடினோம். இரவு பன்னிரண்டு இருபதுக்கு மெஜஸ்டிக் வரை கொண்டுவிடாமல் கொரகுண்டேபாளையத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஸ்ரீராமபுரத்துக்கு ஆட்டோவுக்கு 350 ரூபாய். அது தனி.

திங்கட்கிழமை காலை போன் செய்தேன். "முதலாளி மைசூரில் இருக்கிறார்." மதியம் செய்தேன். "நாங்கள் டிக்கெட் மட்டும்தான் விற்கிறோம், பஸ்காரரைக் கேளுங்கள்." பஸ்காரர் எண்ணைக் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். மாலை நேரிலேயே போனேன். அம்மாவை அம்மா என்று அழைத்த அதே ஆள், என் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எறும்பு அளவு எழுத்தில், "பார்க்கும் இடங்கள் மாறுதலுக்கு உட்பட்டவை." பெருமாள் முன்னால் நிறுத்துவதாகச் சொன்னீர்களே என்றேன். "கூட்டத்துக்கு நான் என்ன சார் செய்வது" என்றார். 7,400 ரூபாயில் அந்த நுழைவுக் கட்டணம் 1,600ஐயாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். பதிலே இல்லை. இன்று காலையிலிருந்து என் எண்ணை எடுப்பதில்லை.

தயவுசெய்து, தமிழ் பேசுகிறார்கள் என்பதற்காக நம்பாதீர்கள். எந்தெந்த இடத்தில் எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்காமல் பணம் கட்டாதீர்கள். பேலூர், ஹளேபீட்டுக்கு நுழைவுக் கட்டணம் என்று யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். மெஜஸ்டிக்கிலிருந்து ஹாசனுக்கு அரசு பஸ் இருக்கிறது, ஹாசனிலிருந்து பேலூருக்கும் இருக்கிறது. வயதானவர்களோடு போகிறவர்கள் ஓர் இரவு அங்கே தங்குவதே நல்லது. ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம்.

நான் இன்று கொடுத்துவிட்டேன். டிக்கெட்டின் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளை காலை கடை திறக்கும்போது மறுபடியும் அங்கே நிற்பேன்.