முதல் வேலை: பெரிய நிறுவனமா, ஸ்டார்ட்அப்பா?

காரைக்குடியில் பொறியியல் முடித்த கையோடு சென்னையில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். 14 மாதம் கழித்து, 12 பேர் மட்டுமே இருந்த ஸ்டார்ட்அப் ஒன்றுக்கு மாறினேன். இப்போது அண்ணன் மகளுக்கு இரண்டு இடத்திலிருந்தும் வேலைக் கடிதம் வந்திருக்கிறது. "எதில் சேரட்டும் சித்தப்பா?" என்கிறாள். ஸ்டார்ட்அப்பில் சேர் என்பதே என் பதில்.

பெரிய நிறுவனத்தின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை: தேதி தவறாத சம்பளம், மருத்துவக் காப்பீடு, கல்யாணப் பேச்சில் விளக்கம் தேவைப்படாத பெயர். வேலையை விடுவதாகச் சொன்ன பிறகும் அங்கே இருக்கவேண்டிய நோட்டீஸ் காலம் பல இடங்களில் 90 நாள் என்பதை மட்டும் சேரும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்னைத் திருப்பியது ஒன்றுதான்: செய்த வேலையின் பலன் நம் கண்ணில் படுகிறதா? அந்த 14 மாதமும் ஒரே திரையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அதை யார் பயன்படுத்தினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. ஸ்டார்ட்அப்பில் கடைகளுக்கான பில் மென்பொருள் எழுதினேன். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் நேராக என்னையே போனில் அழைத்தார். ரூ.333.50 விலையில் மூன்று துணி வாங்கியவருக்கு பில் ரூ.1,002 காட்டியது; வரவேண்டியது ரூ.1,001. பைசாவைக் கடைசிக் கூட்டுத்தொகையில் சரிக்கட்டாமல் ஒவ்வொரு துணிக்கும் தனித்தனியாக முழு ரூபாயாக்கியிருந்தேன். அந்த ஒரு ரூபாய்க்கு வாடிக்கையாளர் சண்டை பிடிக்கும் சத்தம் என் காதில் விழுந்தது. இரவு 11 மணிக்குத் திருத்தி அனுப்பினேன். எந்தப் பயிற்சி வகுப்பும் அப்படி உறைக்கும்படி கற்றுத்தந்ததில்லை.

இப்படி வேலையிலேயே கற்றுக்கொள்வது நம் காரைக்குடிப் பக்கத்துக்குப் புதிதல்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார் (செட்டியார்) பிள்ளைகள் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் எடுபிடிப் பையனாகத்தான் தொடங்கினார்கள். பல கடைகள் சேர்ந்திருந்த கிட்டங்கி என்ற கட்டடத்தில் ஒரு கணக்குப்பெட்டியும் அதைச் சுற்றிய இடமும்தான் கடை. கொடுக்கல் வாங்கல் அத்தனையும் பையனின் கண்ணெதிரே நடக்கும். ஏவல் வேலையோடு பேரேடும் ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கும் அங்கேயே படிந்துவிடும்.

பெட்டிக்குப் பின்னால் கணக்கறிந்த பெரியவர் இருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. திருத்திச் சொல்ல மூத்தவர் ஒருவர்கூட இல்லாத ஸ்டார்ட்அப் வேண்டாம். 20 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு வருங்கால வைப்பு நிதி பொதுவாகக் கட்டாயமில்லை, கேட்டுவிடுங்கள். நிறுவனத்தில் பங்கு தருகிறோம் என்றால் அதைச் சம்பளத்தோடு கூட்டிப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஓராண்டுக்குப் பிறகே முதல் பகுதி உரிமையாகும், முழுவதும் சேர நான்கு ஆண்டு ஆகும். எனக்குத் தந்தவை இன்னும் காகிதத்தில்தான் இருக்கின்றன. பங்கு விஷயத்தில் என் பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்அப்பில் ஒருமுறை எனக்குச் சம்பளம் 40 நாள் தள்ளிப்போனது. கல்விக்கடன் தவணையை அப்பச்சி (அப்பா) கட்டினார். அப்படிக் கட்ட ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு, கடன் பாதியாகக் குறையும் வரை பெரிய நிறுவனமே சரி.

அண்ணன் மகளுக்குக் கடன் இல்லை. அந்த ஸ்டார்ட்அப்பில் அவள் எழுதும் நிரலை யார் படித்துத் திருத்துவார்கள் என்று மட்டும் கேட்டு, அந்தப் பெயரோடு வரச் சொல்லியிருக்கிறேன்.