ராமேஸ்வரத்தில் ரூம் போட நான்கு வழிகள்: எதில் அட்வான்ஸ் பத்திரம்?

தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை என்றால் ராமேஸ்வரத்தில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஏமாற்றுக்காரர்களுக்கும் அதுதான் தோதான நேரம். திதியைத் தள்ளிப்போட முடியாது. “கடைசியா ஒரே ஒரு ரூம்தான் இருக்கு சார், பாதி அட்வான்ஸ் போட்டுவிடுங்க” என்று போனில் யாரோ சொன்னால், வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்பாவுக்குத் திதி கொடுக்கக் கிளம்புகிறவர் யோசிக்காமல் போட்டுவிடுவார். அதனால் வாடகை, ஏசி, காலை டிபன் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரே கேள்வியை வைத்து இந்த வழிகளைப் பார்க்கிறேன்: பணம் கட்டியதிலிருந்து சாவி கைக்கு வரும்வரை அந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு?

முதல் வழி, இணையத்தில் தேடிக் கிடைத்த நம்பருக்கு ஜிபேயில் அட்வான்ஸ் அனுப்புவது. பலரும் செய்வது இதைத்தான். ஆபத்து அதிகமும் இதில்தான். கூகுள் மேப்பில் ஒரு விடுதியின் போன் நம்பரை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்க முடியும். யாத்ரீகர்களைக் குறிவைத்து விடுதி புக்கிங் மோசடிகள் நடப்பதாக மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையமே 2025 ஏப்ரலில் எச்சரித்தது. யுபிஐ பணம் நொடியில் போய்விடும். பின் நம்பரை நீங்களே அழுத்தியிருப்பதால், வங்கி அதை உங்கள் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

ஆனாலும் இங்கே பல சின்ன லாட்ஜுகள் போனில்தான் புக்கிங் எடுக்கின்றன. ஒதுக்கிவிட முடியாது, அதனால் கேள்வி கேளுங்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது ஈரத்துணியைப் பற்றி. அக்னி தீர்த்தக் கடலிலும் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி முடித்தால் உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட இருக்கும். உடை மாற்றித்தான் சாமி தரிசனத்துக்குப் போக வேண்டும். “நனைஞ்ச துணியோட ரூமுக்கு வரலாமா? எங்கே காயப்போடறது?” என்று கேளுங்கள். ஊர்க்காரர் யோசிக்காமல் பதில் சொல்வார். எங்கோ உட்கார்ந்திருப்பவர் “எல்லா வசதியும் இருக்கு சார்” என்று மழுப்புவார். அடுத்து, “பணம் அனுப்பினா யார் பேர் காட்டும்?” என்று கேளுங்கள். செயலியில் வருவது வங்கிக் கணக்கில் உள்ள பெயர். முதலாளி பெயர் வருவது சகஜம்தான்; அவர் சொன்ன பெயர் ஒன்று, திரையில் வந்த பெயர் வேறு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படங்களையும் உற்றுப் பாருங்கள். அக்னி தீர்த்தப் பக்கம் கடல் பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். ‘கோயில் அருகே கடல் பார்த்த அறை’ என்று போட்டு, படத்தில் பாறையில் அலை மோதித் தெறித்தால் அது வேறு எந்த ஊரோ. ‘தனுஷ்கோடியில் இரவு தங்கலாம்’ என்று வரும் விளம்பரத்தைத் தொடவே வேண்டாம். அங்கே இரவில் தங்க அனுமதி இல்லை. மாலையிலேயே எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாவது வழி, புக்கிங் செயலிகள். கொஞ்சம் கூடுதலாகச் செலவாகலாம். ஆனால் கேட்க ஒரு ஆள் இருக்கிறார், கட்டியதற்குப் பதிவும் இருக்கிறது. ‘விடுதியில் வந்து பணம் கட்டலாம்’ என்ற வசதி இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். இதிலும் இரண்டு பொறிகள் உண்டு. விடுதியின் பாஸ்வேர்டைத் திருடியவர்கள், செயலியின் சாட்டிலேயே “உங்கள் கார்டு ஏற்கப்படவில்லை, இந்த லிங்கில் மறுபடி கட்டுங்கள்” என்று அனுப்புவார்கள். சாட் உண்மையானது, லிங்க் போலி. இன்னொன்று, பக்கத்து ஊர்களான மண்டபம், அரியமானில் வீடு எடுப்பவர்களுக்கு வரலாம்: “ஆப்ல கேன்சல் பண்ணிட்டு நேரா எனக்குப் போடுங்க, ஆயிரம் ரூபாய் குறைச்சுக்கறேன்.” செயலிக்கு வெளியே போட்ட பணத்துக்கு அந்த நிறுவனம் பொறுப்பேற்காது.

மூன்றாவது, சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு, கோயில் நிர்வாகத்தின் அறைகள். பணம் கழகத்தின் கணக்குக்கோ கோயில் கணக்குக்கோ போகிறது. என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு வழியில் இல்லை. அறை சுமாராக இருக்கலாம், அமாவாசைக்கு வெகு முன்பே நிரம்பியும் விடலாம். கோயில் அறை என்றால் இணைய முகவரி ‘ஜிஓவி.இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும்.

நான்காவது, புக் செய்யாமலே போய் இறங்குவது. சாதாரண நாளில், இளவட்டங்களுக்குச் சரி. ரூமைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.

அமாவாசைக்குக் குடும்பத்தோடு போவதென்றால் நான் மூன்றாவதைத்தான் முதலில் முயல்வேன். கிடைக்காவிட்டால் செயலியில், நேரில் பணம் கட்டும் அறை. முன்பின் தெரியாத நம்பருக்கு முழு வாடகையை எந்த நாளிலும் அனுப்ப மாட்டேன்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த ஆளோடு வாக்குவாதம் செய்து நேரத்தை விடாதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்புண்டு. அப்புறம், “ரீஃபண்ட் தர்றேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க” என்று அவரே திரும்பக் கூப்பிடலாம். பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் இன்னொரு முறை போகும்.