கேசட் பதிவுகளைச் சுருக்கி வைத்த அனுபவம்: யாங்கூனிலிருந்து

அப்பத்தாவின் தாலாட்டு, மார்கழி பஜனை, 1942இல் நடந்தே இந்தியா போனவர்களைப் பற்றித் தாத்தா சொன்னது என்று வீட்டில் கிடந்த கேசட்டுகளையெல்லாம் சில வருஷமாகக் கணினியில் ஏற்றி வருகிறேன். சிடி தரத்தில் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். ஒரு மணி நேரக் கேசட் 600 எம்பியைத் தாண்டும். மோல்மீனில் இருக்கும் அத்தைக்கு இதை அனுப்புவதா? இங்கே கரண்ட் இருக்கிற லட்சணத்துக்குப் பாதி ஏறுவதற்குள் லைன் போய்விடும்.

சுருக்குவதற்கு ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளே போதும், இலவசம்தான். முன்பு எம்பி3 ஆக்க லேம் என்ற துணை நிரலைத் தனியாக இறக்க வேண்டியிருந்தது. 2019 முதல் உள்ளேயே வருகிறது. ஒரு ஃபோல்டர் முழுக்க மாற்றுவதற்கு மட்டும் எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு மென்பொருள்.

பலரும் கவனிக்காதது மோனோ, அதாவது ஒரே சேனல். பழைய டேப் ரெக்கார்டரின் ஒற்றை மைக்கில் பதிந்த குரலுக்கு இரண்டு சேனல் எதற்கு? வேவ் கோப்பை மோனோ ஆக்கினாலே அளவு பாதியாகிவிடும். அதை 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) எம்பி3 ஆக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிதான். தாத்தாவின் பேச்சில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, இருமல்கூட அப்படியே இருக்கிறது. பஜனை வேறு சங்கதி. 32க்கு இறக்கியதும் ஜால்ரா தண்ணீருக்குள் தட்டுகிற மாதிரி கொழகொழத்தது. அதனால் பாட்டெல்லாம் 128தான்.

ஓபஸ் என்ற சுருக்கு வடிவம் இன்னும் கெட்டி. பேச்சுக்கு 24 கேபிபிஎஸ் வைத்தாலும் தெளிவாக இருக்கிறது. ஆனால் அத்தை வீட்டில் இருப்பது பென் டிரைவ் செருகும் சீனப் பெட்டி. எம்பி3 தவிர எதையும் பாடாது. அப்புறம் ஓபஸை வைத்து என்ன செய்ய?

மூலத்தை மட்டும் அழிப்பதில்லை, ஃபிளாக் என்ற வடிவத்துக்கு மாற்றித் தனி ஹார்ட் டிஸ்கில் போட்டுவிடுகிறேன். தரம் துளியும் குறையாது, இடம் மட்டும் ஏறக்குறைய பாதி மிச்சம். எம்பி3யையே மறுபடி மறுபடி மாற்றினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கெடும், எந்த மென்பொருளானாலும் சரி.

ஒலியை இன்னும் நுணுக்கமாக அளக்கும் 24 பிட்டில் பதியச் சொல்கிறவர்கள் உண்டு. கேசட்டின் இரைச்சலுக்கு சிடியின் 16 பிட்டே தாராளம் என்பது என் கட்சி.

கோப்புக்கு எண்ணைத்தான் பெயராக வைக்கிறேன். அந்தச் சீனப் பெட்டியில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது.