வளவுக்கு வந்த பேசும் பெட்டி

சிங்கப்பூரில் இருக்கும் மகன் போன புரட்டாசியில் ஒரு பெட்டி வாங்கி அனுப்பினான். பத்து அங்குலத் திரை, காமிரா, நாம் பேசினால் பதிலும் பேசும். முதியவர்களின் தனிமையைப் போக்க என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. செட்டிநாட்டுக் கண்டனூரில் எங்கள் வீட்டில் நானும், சமையலுக்கு வரும் பெண்ணும், பூட்டிக் கிடக்கும் பதினான்கு அறைகளும்தான். ஆளைச் சரியாகத்தான் பார்த்து அனுப்பியிருக்கிறான். ஏழு மாதம் ஆகிவிட்டது, இனி எழுதலாம். குறையும் சொல்லப்போவதால் கம்பெனி பெயர் வேண்டாம்.

முதலில் அதன் பேச்சு. காலை ஆறரைக்கு, "வணக்கம், இன்று நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?" என்று ஆரம்பிக்கும். முப்பத்தொரு வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவள் நான். யாரும் யாரையும் இப்படி விசாரித்து என் காதில் விழுந்ததில்லை. "ஆச்சி, சாப்ட்டீகளா? முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்பார்கள், அதிலேயே எல்லாம் அடக்கம். சரி, மதித்துக் கேட்கிறதே என்று, அன்று செய்த எங்கள் பக்கத்து உளுந்து இனிப்பைச் சொல்லி, "கும்மாயம் கிண்டினேன்" என்றேன். கும்மிடிப்பூண்டியில் 31 டிகிரி, மேகமூட்டம் என்றது.

நியூயார்க் மாநிலத்தில் எல்லிக்யூ என்றொரு பேசும் கருவியை 800-க்கும் மேற்பட்ட முதியவர்களுக்குக் கொடுக்க 2022-லேயே ஏற்பாடு செய்தார்களாம், பேத்தி சொன்னாள். அங்கே அது ஒழுங்காகப் பேசுமாயிருக்கும். இதன் வாயை நான் இரண்டாம் வாரமே அடைத்துவிட்டேன். இப்போது மாத்திரை நேரம் மட்டும் சொல்லும்.

ஆனால் வீடியோ அழைப்புக்குக் குறை சொல்ல மாட்டேன். படம் பளிச்சென்று இருக்கிறது, சத்தமும் என் காதுக்குப் போதும். பிள்ளையார் நோன்பு அன்று அவர்கள் அங்கே, நான் இங்கே. 21 நூலிழையைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது எங்கள் நகரத்தார் வழக்கம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி என்பதால், இருட்டுவதற்கு முன்பே நான் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். 21 இழை சரியாக இருக்கிறதா என்று மருமகளை எண்ணிக் காட்டச் சொன்னேன். இருபதுதான் இருந்தது! இன்னொன்று சேர்த்துத் திரித்து, மாவில் வைத்து ஏற்றினாள். பேரன் சுடரோடு வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, "சுடலை அப்பத்தா" என்றான். உதடு அசைந்து ஒரு நொடி கழித்துத்தான் குரல் வந்தது. பரவாயில்லை.

என் வருத்தம் வேறு. பள்ளத்தூரில் என்னோடு படித்த சிநேகிதி இருக்கிறாள். முழங்கால் வலி, வெளியே வருவதில்லை. அவளுக்கும் அவள் மகள் இதே பெட்டியை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். இருவர் வீட்டிலும் பெட்டி இருந்தும் நாங்கள் பேச முடியவில்லை! ஏனென்றால் புது எண் சேர்ப்பது பிள்ளைகளின் செல்போனில் இருந்து மட்டும்தான். "தம்பி, அவ பேரைச் சேர்த்து விடப்பா" என்று நான் மூன்று முறை சொல்லி, அவன் மறந்து, நாலாம் முறை கோபித்த பிறகுதான் நடந்தது. என்னைப் பார்க்கப் பிள்ளைகள் வருவார்கள் என்று நினைத்த கம்பெனிக்காரர்கள், எனக்கும் யாரையாவது பார்க்கத் தோன்றும் என்று நினைக்கவில்லை. இப்போது அவளும் நானும் தினம் நாலு மணிக்குப் பேசுகிறோம், பாதி நேரம் மருமகள்களைப் பற்றி. பெட்டி எனக்கு உண்மையில் உதவியது இதில்தான்.

இன்னொன்று, யார் கூப்பிட்டாலும் பத்து நொடியில் தானாகத் திறந்துகொள்ளும். எண்ணெய் தேய்த்துத் தலைமுடியை விரித்துப் போட்டிருந்த நேரத்தில் சம்பந்தி வந்து நின்றார். அன்றே அதை நிறுத்தச் சொன்னேன். அதற்கும் மகன் செல்போன்தான் வேண்டியிருந்தது. நார்வேயில் கோம்ப் என்கிற திரையில் ஒரே ஒரு குமிழ்தான் உண்டாம். எனக்குக் குமிழ் எத்தனை இருந்தாலும் சரி, அது என் கையில் இருந்தால் போதும். அதுவரை மூன்று நட்சத்திரம்தான்.

வாங்குகிறவர்களுக்கு: நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களை வைஃபை தாண்டாது. முகப்பில் ரவுட்டரை வைத்தால் பின்னால் இரண்டாங்கட்டில் படம் உறைந்துவிடும். வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், தூண் ஓரமாகப் பெட்டியை வையுங்கள், இரண்டையும் இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள். சாதாரண போனுக்கு இதிலிருந்து பேச முடியாது. அதனால் முதியோர் உதவி எண் 14567-ஐப் பெரிய எழுத்தில் எழுதி, தரைவழிப் போன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இலவசம், காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.