சேலத்துல ரயில்வே சிக்னல் சர்டிஃபிகேட் கோர்ஸ்னு 85,000 கட்டி ஏமாந்துட்டேன், சேர்றதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

இன்ஸ்டிட்யூட் பேர சொல்லல, புகார் ஓடிட்டு இருக்கு. ஆனா ஈசிஇ, ட்ரிபிள்இ முடிச்சிட்டு வேலை தேடற பசங்க நம்ம ஊர்ல எவ்ளோ பேர் இருக்கீங்கன்னு எனக்கு தெரியும், அதனால நடந்தத அப்படியே எழுதறேன்.

ரெண்டு வருசமா வேலை இல்லாம செவ்வாப்பேட்டையில அப்பா வேலை பாக்கற கொலுசுப் பட்டறையில கணக்கு எழுதிட்டு இருந்தேன். புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பேனர். "ரயில்வே சிக்னலிங் சர்டிஃபைடு இன்ஜினியர், 4 மாசம், ஐஆர்எஸ்இ அங்கீகாரம், கவச் சில் 4 சர்டிஃபிகேட், மெட்ரோவுல வேலை." போய் கேட்டா, டை கட்டின ஒருத்தர் உக்கார வச்சு டீ குடுத்து, ரயில்வேல கவச் (வண்டிங்க மோதிக்காம தானா பிரேக் போடற சிஸ்டம்) போடறாங்க, ஆள் பத்தல, ஆதரைஸ்டு இன்ஜினியர் நம்ம சேலத்துலயே உருவாகப் போறாங்கன்னு பேசினாரு. ஃபீஸ் 85,000. அம்மா ஒண்ணும் கேக்கல, ரெண்டு வளையலையும் கழட்டி குடுத்துட்டாங்க. இன்னைக்கும் அது அடகுலதான் இருக்கு.

நாலு மாசம் பிபிடி ஓட்டினாங்க. பிராக்டிகல்னு ஒரு பிளைவுட் பலகை, அதுல செவப்பு மஞ்சள் பச்சை எல்இடி, ஆன்லைன்ல கெடைக்கிற நாலு குட்டி ரிலே (கரண்ட்ல வேலை செய்யற சுவிட்ச்). வண்டி லைன் மாற்ற எடத்துல தண்டவாளத்த நகத்தற பாயின்ட் மெஷின் படத்துல மட்டும். கேட்டா அடுத்த வாரம் ஜங்ஷன் கூட்டிட்டு போறோம்பாங்க, கடைசி வரைக்கும் கூட்டிட்டு போகல. முடிச்சதும் தங்கக் கலர் பார்டர் போட்ட ஒரு சர்டிஃபிகேட், பாத்தா அரசாங்க முத்திரை மாதிரியே ஒரு முத்திரை. அதுல என் பேருக்கு கீழ "சில் 4 சர்டிஃபைடு".

அத தூக்கிட்டு பெங்களூர்ல ஒரு சிக்னல் கான்ட்ராக்ட் கம்பெனி இன்டர்வியூ போனேன். அவரு வாங்கி பாத்துட்டு, தம்பி, சில் 4 ங்கறது பாதுகாப்புல ஒசந்த லெவல், அது சிஸ்டத்துக்கு குடுக்கறது, ஆளுக்கு இல்லன்னாரு. அவ்ளோதான், அஞ்சு நிமிசத்துல வெளிய வந்துட்டேன்.

திரும்பி வந்து சூரமங்கலத்துல எங்க சொந்தக்கார மாமா ஒருத்தர், சிக்னல் மெயின்டெயினரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அவர்கிட்ட போய் காட்டினேன். திட்டவே இல்ல. "5 எம்எம் டெஸ்ட் சொல்லிக் குடுத்தாங்களாடா?"ன்னு கேட்டாரு. எனக்கு தெரியல. பாயின்ட்ல நகர்ற தண்டவாளத்துக்கும் நிக்கிற தண்டவாளத்துக்கும் நடுவுல, முனையில இருந்து 150 எம்எம் தள்ளி, 5 எம்எம் கனத்துல ஒரு இரும்புத் துண்ட வச்சு மெஷின ஓட்டணும், அப்ப பாயின்ட் லாக் ஆகவே கூடாது, ஆச்சுன்னா அந்த பாயின்ட் மேல வண்டி விடக்கூடாதுன்னு கைய தண்டவாளம் மாதிரி வச்சு காட்டினாரு. வேலைக்கு சேர்ந்தவன் மொத வாரத்துலயே பாக்கற விசயமாம், நாலு மாசத்துல எனக்கு ஒருத்தரும் சொல்லல.

மாமா சொன்னதுல முக்கியமானத கவனிங்க. சிக்னல்ல அங்கீகாரம்ங்கறத வெளியில எந்த இன்ஸ்டிட்யூட்டும் குடுக்க முடியாது. ரயில்வே உங்கள வேலைக்கு எடுத்து, அவங்க ட்ரெய்னிங் சென்டருக்கோ செகந்திராபாத்ல இருக்கற ரயில்வே சிக்னல் ட்ரெய்னிங் காலேஜ் இரிசெட்டுக்கோ அனுப்பி, இன்ன கருவில வேலை செய்ய தகுதி இருக்குன்னு உங்க பேருக்கு காம்பிடன்சி சர்டிஃபிகேட் குடுப்பாங்க, ரெஃப்ரெஷரும் போகணும். அது கையில இருந்தாலும் நெனச்ச நேரத்துல சிக்னல் பெட்டிய தொறக்க முடியாது, இந்த கருவிய கொஞ்ச நேரம் நிறுத்தறேன்னு ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட டிஸ்கனெக்‌ஷன் மெமோ குடுத்து கையெழுத்து வாங்கிட்டுதான் தொறக்கணும், டெஸ்ட் பண்ணி முடிச்சுதான் திரும்ப ஒப்படைக்கணும். 2023 ஜூன் 2 பாலசோர்ல கோரமண்டல் எக்ஸ்பிரஸ், மெயின் லைனுக்கு பக்கத்துல இருக்கற லூப் லைன்ல நின்ன கூட்ஸ் வண்டி மேல மோதினதுக்கு, சிக்னல் சர்க்யூட்ட மாத்தினதுல நடந்த தப்புன்னுதான் விசாரணையில வந்துச்சு. அத சொல்றப்ப மாமா குரல் கம்மிருச்சு. எனக்கு ஒடம்பு சில்லுனு ஆயிருச்சு, ஏன்னா இந்த பேப்பர நம்பி யாராவது என்ன ஒரு ரிலே ரூமுக்குள்ள விட்டிருந்தா?

அப்பறம் அந்த ஐஆர்எஸ்இ. நம்ம ஊர்ல அந்த எழுத்து ரயில்வே சிவில் இன்ஜினியர் சர்வீசுக்கு, சிக்னல் சர்வீசுக்கு இன்னொரு எஸ் சேத்து ஐஆர்எஸ்எஸ்இ. லண்டன்ல 1912ல ஆரம்பிச்ச சிக்னல் இன்ஜினியர் சங்கத்துக்கும் ஐஆர்எஸ்இ தான் பேரு, அவங்க லைசென்ஸ் குடுக்கறது உண்மை. ஆனா அதுக்கு நீங்க நெசமாவே செஞ்ச வேலைய லாக்புக்ல எழுதி, வேலை நடக்கற எடத்துலயே வச்சு அசெஸ்மென்ட் பண்ணுவாங்க. வேலையிலயே இல்லாதவனுக்கு லாக்புக்ல எழுத என்ன இருக்கு? இந்த பேர் குழப்பத்த வச்சுதான் இவங்க பொழப்பு ஓடுது.

நேரா போற வழி எல்லாருக்கும் தெரிஞ்ச ஆர்ஆர்பி, அதாவது ரயில்வேக்கு ஆள் எடுக்கற போர்டு பரீட்சை தான். ஜேஇ (ஜூனியர் இன்ஜினியர்) தொடக்க சம்பளம் 35,400, டெக்னீசியன் கிரேடு 1 சிக்னல் 29,200. பொதுப் பிரிவுக்கு பரீட்சை ஃபீஸ் 500, மொத பரீட்சை எழுதினா அதுலயும் 400 திரும்ப வரும், பேங்க் சார்ஜ் மட்டும் புடிச்சுக்குவாங்க. நான் இப்ப அதுக்குதான் படிக்கறேன்.

பணத்த கேட்டு நாலு தடவ போனேன். "நான் ரீஃபண்டபிள்னு கையெழுத்து போட்டிருக்கீங்க தம்பி"ன்னு அதே டை கட்டினவரு, இந்த தடவ டீ கூட இல்ல. 1915க்கு கூப்புட்டு நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சேன், அப்பறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டேன். 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, வக்கீல் இல்லாம நீங்களே போடலாம், ஆனா ரெண்டு வருசத்துக்குள்ள போடணும்.

எங்க பேட்ச்ல என்னோட சேத்து மூணு பேர்தான் ரசீது குடுத்திருக்கோம். ஓமலூர், ஆத்தூர்ல இருந்து வந்த பசங்க இத பாத்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, பேனர் ஃபோட்டோ, வேலை உறுதின்னு அவங்க அனுப்பின வாட்ஸப் மெசேஜ் எதையும் அழிச்சிராதீங்க. பேனர் இன்னும் அங்கதான் தொங்குது, தை மாசம் புது பேட்ச்னு தேதி மட்டும் மாத்தி ஒட்டியிருக்காங்க.