திறந்த போர்ட்டும் அம்மா பிடுங்கிய பிளக்கும்

பாளையங்கோட்டை வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறார். நான் சென்னையில். 2021-இல் வீட்டுக்கு நான்கு கேமராவும், அவற்றின் படத்தைப் பதிந்துவைக்கும் டிவிஆர் பெட்டி ஒன்றும் வாங்கி மாட்டினேன். கூடவே வந்த கிளவுட் செயலி அடிக்கடி தொங்கியது. நம் வீட்டு வாசலைப் பார்க்க எவனோ ஒருவனுடைய சர்வரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டுமா என்று போர்ட் ஃபார்வர்டிங்கில் இறங்கினேன். ரௌட்டரில் போர்ட் என்ற எண்ணிட்ட வாசல் ஒன்றைத் திறந்து, வெளியிலிருந்து அங்கே வருவதை நேராக டிவிஆருக்கு அனுப்பச் சொல்வதுதான் அது.

அமைப்பது ஐந்து நிமிட வேலை. ரௌட்டரின் அமைப்புப் பக்கமான 192.168.1.1-இல் நுழைந்து வெளி போர்ட், டிவிஆரின் ஐபி (வீட்டுக்குள் அதன் முகவரி), உள் போர்ட், தகவல் போகும் முறை டிசிபியா யுடிபியா என்று நிரப்பினால் முடிந்தது. இதை நிரப்பும் பக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் பாடு. டிபி-லிங்க் ரௌட்டரில் ‘விர்ச்சுவல் சர்வர்ஸ்’ என்ற பெயரில் இருக்கும். நிரப்பிவிட்டு அதே வீட்டு வைஃபையிலிருந்து வெளி முகவரியை, அதாவது இணையத்தில் நம் வீட்டுக்கு இருக்கும் ஐபியை, அடித்துப் பார்த்தேன். வரவில்லை. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, வீட்டுக்குள் இருந்துகொண்டு வெளி முகவரி வழியாகத் திரும்ப உள்ளே வருவதைப் பல ரௌட்டர்கள் விடாது. போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் வாசல் விளக்கு பளிச்சென்று திரையில் வந்தது.

சென்னை திரும்பிய மூன்றாவது வாரம் படம் நின்றுபோனது.

“அம்மா, டிவிஆர்ல லைட் எரியுதா?”

“எரியுதுய்யா. நேத்து இடி இடிச்சுதுன்னு எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டேன்லா. இப்பதான் மாட்டுனேன்.”

ரௌட்டர் அணைந்து எழுந்தபோது பழைய கணக்கையெல்லாம் மறந்துவிட்டது. டிவிஆருக்கு இருந்த 192.168.1.5 அம்மாவின் போனுக்குப் போய்விட்டது. வெளியிலிருந்து நான் தட்டிய தட்டெல்லாம் அந்தப் போனுக்குத்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த்தான் சரிசெய்ய முடிந்தது: டிவிஆரின் மேக் முகவரியை (கருவியோடு வரும் மாறாத அடையாள எண்) கொடுத்து, அந்த ஐபி அதற்கு மட்டுமே என்று ரௌட்டரில் ஒதுக்கிவைத்தேன். வெளி ஐபியும் இணைப்பு போய் வந்தால் மாறும் என்பதால் டக் டிஎன்எஸ் என்ற சேவையில், ஐபி மாறினாலும் மாறாத ஒரு பெயரை இலவசமாக வாங்கினேன். ஃபார்வர்டிங் செய்வதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் இவை.

அந்தத் தீபாவளியன்றுதான் டிவிஆரின் லாக்கைத் திறந்து பார்த்தேன். ‘அட்மின்’, ‘அட்மின்’, ‘ரூட்’ என்று பக்கம் பக்கமாக உள்நுழைவு முயற்சிகள், எல்லாம் கேள்விப்படாத ஐபிகளிலிருந்து. 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படித்தான், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துப் படை திரட்டியது. அந்த அக்டோபரில் இணையதளப் பெயர்களுக்கு உரிய ஐபியைச் சொல்லும் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மேல் அதை ஏவியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் திணறின. நல்லவேளை, நான் கடவுச்சொல்லை மாற்றியிருந்தேன். வெளி போர்ட்டையும் ஐந்து இலக்க எண்ணாக்கினேன். தொல்லை குறைந்தது, நிற்கவில்லை.

அப்போதுதான் போர்ட் ட்ரிகரிங் கண்ணில் பட்டது. எப்போதும் திறந்திருக்காது, தேவைப்படும்போது மட்டும் திறக்கும் என்றதும் இதுதான் நமக்கு என்று தோன்றியது. அமைத்துவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. உள்ளே இருக்கும் கருவி முதலில் ஒரு குறிப்பிட்ட போர்ட்டில் வெளியே பேசினால்தான் ரௌட்டர் பதிலுக்கு வேறொரு போர்ட்டைத் திறந்துவிடும். பேச்சு நின்றால் சிறிது நேரத்தில் மூடிவிடும். பழைய ஐஆர்சி அரட்டை இதற்குச் சரியான உதாரணம்: நாம் 6667-இல் வெளியே போவோம், அந்த சர்வர் நாம் யாரென்று கேட்க 113-இல் உள்ளே வரும். டிவிஆர் தானாக வெளியே பேசுவதில்லை, நாம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும். போதாததற்கு, ட்ரிகர் செய்த போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பயன்படுத்த முடியும். இன்றைய வீட்டில் இதற்கு வேலையே இல்லை என்பது என் கருத்து.

2023-இல் ஃபைபருக்கு மாறினோம். மறுநாளே எல்லாம் படுத்துவிட்டது. ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்டர்நெட் ஐபி 100.72 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரை இருந்தால் அது சிஜிநாட். பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பொருள். நம் ரௌட்டரில் என்ன எழுதினாலும் மேலே இருக்கும் இணைய நிறுவனத்தின் பெட்டியைத் தாண்டி எதுவும் இங்கே வராது. வாடிக்கையாளர் சேவையில் “ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்பதையே மூன்று பேர் சொன்னார்கள். நான்காவது ஆள்தான் மாதாமாதம் கூடுதல் பணம் கட்டினால் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது நமக்கு மட்டுமேயான மாறாத வெளி முகவரி, தருவோம் என்றார். கட்டினேன். யாராவது இப்போது ஃபார்வர்டிங் வரவில்லை என்றால் முதலில் அந்த ஸ்டேட்டஸ் பக்கத்தைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது டிவிஆருக்கு வெளியிலிருந்து நேர் வழியே கிடையாது. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் வயர்கார்டு ஓடுகிறது; வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனிப்பாதை போடும் விபிஎன் மென்பொருள் அது. திறந்திருப்பது யுடிபி 51820 ஒன்றுதான். சாவி இல்லாதவன் தட்டினால் அது பதிலே சொல்லாது, ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. நான் அதன் வழியாக உள்ளே போய், வீட்டில் இருப்பவனைப் போலக் கேமராவைப் பார்க்கிறேன். நம்மைக் கேட்காமலே கருவிகள் ரௌட்டரில் போர்ட் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பியையும் அணைத்துவிட்டேன்.

போன வாரம் அம்மா போன் செய்தார். “இடி இடிக்குய்யா, பிடுங்கட்டுமா?”

“பிடுங்கும்மா” என்றேன். காலையில் அவர் மாட்டியதும் வாசல் கோலம் வந்துவிட்டது.