அலீஜியன்ட் ஏர்: சந்தை நாளில் மட்டும் பறக்கும் விமானம் யாருக்குக் கட்டுப்படியாகும்?

இலினாய்ஸின் பியோரியா, புளூமிங்டன், ஆர்கன்சாவின் பென்டன்வில். கேட்டர்பில்லர், ஸ்டேட் ஃபார்ம், வால்மார்ட் வேலைக்காக நம்மவர்கள் குடியேறிய ஊர்கள். குழந்தைகளுக்கு டிஸ்னி காட்டலாம் என்று ஓர்லாண்டோவுக்கு நேரடி விமானம் தேடினால் பெரும்பாலும் திரையில் வருவது அலீஜியன்ட். விலை 60 டாலர், 70 டாலர் என்று நிற்கும். அடுத்த கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: இதை நம்பிப் போகலாமா?

போகலாம். ஆனால் இந்த நிறுவனம் எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். சாதாரண விமான நிறுவனம் டவுன் பஸ் என்றால் இது வாரச் சந்தை. ஓர் ஊருக்கு வாரத்தில் இரண்டு நாள் வரும். வியாழன் போய் ஞாயிறு திரும்பலாம், அல்லது வெள்ளி போய் திங்கள் திரும்பலாம். செவ்வாய், புதன்கிழமைகளில் இதன் விமானங்களில் பல தரையிலேயே நிற்கும். மார்ச் விடுமுறை, கோடை, கிறிஸ்துமஸ் என்றால் பறப்பது கூடும். பள்ளி திறந்த செப்டம்பரில் சுருங்கிவிடும்.

தரையில் நிற்கும் விமானம் நஷ்டம் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். இவர்களுக்கு மட்டும் அது எப்படிக் கட்டுப்படியானது? பதில் பழைய விமானங்களில் இருந்தது. 1997-இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் தொடங்கிய நிறுவனம் 2000 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. கடன் கொடுத்தவர்களில் ஒருவரான மாரிஸ் கேலகர் 2001-இல் அதைக் கையில் எடுத்தார். வேல்யூஜெட் என்ற மலிவு விமான நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் இவர். லாஸ் வேகாஸுக்கு ஜாகை மாற்றி, மற்றவர்கள் கழித்துக்கட்டிய எம்.டி-80 விமானங்களைப் பொறுக்கினார். ஒன்று சுமார் 40 லட்சம் டாலர். புது விமானத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாதத் தவணை பெரிதாக இல்லாதவன் கடையை நாலு நாள் பூட்டி வைக்கலாம், அவ்வளவுதான் கணக்கு. எம்.டி-80 எரிபொருளைக் குடிக்கும், உண்மைதான். ஆனால் நிற்கும் விமானம் எரிபொருள் குடிக்காதே! ஆள் நிறையும் நாளில் மட்டும் பறந்தால் போதும்.

இரண்டாவது சூட்சுமம், போட்டியில்லாத ஊர்கள். இவர்களுடைய தடங்களில் ஏறக்குறைய நாலில் மூன்றில் வேறு யாரும் நேரடியாகப் பறப்பதில்லை. டொலீடோ, ராக்ஃபோர்ட் மாதிரி பெரிய நிறுவனங்கள் சீண்டாத ஊர்கள். வாஷிங்டன் மாநிலத்து பெல்லிங்ஹாமில் நிற்கும் கார்களில் கனடா நம்பர் பிளேட் நிறையக் காணலாம். வான்கூவரில் இருந்து எல்லை தாண்டி வந்து, காரை நிறுத்திவிட்டு வேகாஸ் போகிறவர்கள். மான்ட்ரியல்காரர்களுக்கு நியூயார்க் மாநிலத்து பிளாட்ஸ்பர்க் அப்படி.

மூன்றாவது, விமானமும் பைலட்டும் பணிப்பெண்ணும் ராத்திரி சொந்தத் தளத்துக்கே திரும்பிவிடுவார்கள். ஓட்டல் செலவு இல்லை. வேலை செய்பவர்களும் இதை விரும்புகிறார்கள். பயணிக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி இவர்களுடைய பராமரிப்பைக் கடுமையாக விமர்சித்தது. அன்றைக்கு அந்தப் புகாரின் பாரம் பெரும்பாலும் எம்.டி-80 தலையில்தான் இருந்தது. 2018 நவம்பரோடு அவை முற்றிலும் ஓய்வு பெற்றன. இப்போது ஏர்பஸ் ஏ319, ஏ320, கூடவே 2024-இல் வரத் தொடங்கிய போயிங் 737 மேக்ஸ். இன்றுவரை இந்த நிறுவனத்தில் பயணிகள் உயிரிழந்த விபத்து இல்லை. பழைய விமானப் பயத்தை இன்னும் சுமக்கத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

இனி காசு விஷயம். இங்கேதான் ஆள் ஏமாறுவது.

திரையில் காணும் 60 டாலருக்குள் 'எலக்ட்ரானிக் கேரியர் யூசேஜ் சார்ஜ்' என்று ஒன்று ஒளிந்திருக்கும். ஒரு வழிக்கு, தலைக்கு சுமார் 22 டாலர். இணையத்திலோ ஆப்பிலோ வாங்கினால் இதைக் கட்டியாக வேண்டும். விமான நிலையக் கவுன்ட்டரில் போய் நேரில் வாங்கினால் இல்லை. இப்படி ஒரு வினோதம் ஏன்? அமெரிக்க உள்நாட்டு டிக்கெட் விலைமீது 7.5 சதவீதம் மத்திய வரி உண்டு. பயணி விரும்பினால் தவிர்க்கக்கூடிய கட்டணத்துக்கு அந்த வரி இல்லை. தவிர்க்க ஒரு வழி இருக்கிறது என்று காட்டுவதற்காகவே கவுன்ட்டர் வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

நாலு பேர் குடும்பம், போக வர, எட்டு டிக்கெட். எட்டு முறை 22 என்றால் 176 டாலர். விமான நிலையம் இருபது நிமிடத் தூரத்தில் இருந்தால் நேரில் போவதே லாபம். ஆனால் டிக்கெட் விற்கும் நேரம் எல்லா நாளும் இருக்காது. ஒவ்வொரு ஊருக்கும் தனி நேரம், அவர்கள் இணையதளத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் போனால் பூட்டிய கவுன்ட்டர்தான் வரவேற்கும். போகும்முன் விமான எண், தேதி, எல்லோருடைய பிறந்த தேதி, அடையாள அட்டையில் உள்ளபடி பெயர் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நம் பெயர்களில் இனிஷியல் எது, குடும்பப் பெயர் எது என்று கவுன்ட்டரில் குழம்புவது சகஜம்.

அடுத்து பை. இலவசம் ஒன்றே ஒன்று: முன்சீட்டுக்கு அடியில் போகும் பை, 8 × 14 × 18 அங்குலம். பள்ளிக்கூட பேக்பேக் அளவு. பை அளவு சரியாகவே இருக்கும், முன்பக்கப் பாக்கெட்டில் ஜாக்கெட்டைத் திணித்ததும் 8 அங்குலம் 11 ஆகிவிடும். கேட்டில் வைத்திருக்கும் அளவுப் பெட்டியில் அது இறங்காது. அளக்கும்போது சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. அதனால் சக்கரம் இல்லாத மெத்தென்ற பை எடுங்கள்.

தலைக்குமேல் வைக்கும் கேரி-ஆனுக்குக் காசு. அளவு 10 × 16 × 22. கீழே போடும் பெட்டிக்கும் காசு. நீளம், அகலம், உயரம் கூட்டினால் 80 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கட்டணம் வழிக்கு வழி தனி. டிக்கெட் வாங்கும்போது சேர்த்தால் குறைவு, பிறகு சேர்த்தால் கூடும், விமான நிலையத்தில் இன்னும் கூடும், கேட்டில் மாட்டினால் டிக்கெட்டைவிடப் பைக்கு அதிகம் கொடுத்த கதையாகிவிடும். நாலு பேருக்கு நாலு கேரி-ஆன் எடுப்பதைவிட ஒரே பெரிய பெட்டி மலிவு. குழந்தையின் ஸ்ட்ரோலர், கார் சீட் இரண்டும் இலவசம்.

போர்டிங் பாஸ் போனில் இருக்கட்டும். கவுன்ட்டரில் அச்சடித்துக் கேட்டால் 5 டாலர். பெட்டி போடுவது புறப்பாட்டுக்கு 45 நிமிடம் முன்பு முடிந்துவிடும். சின்ன ஏர்போர்ட்தானே என்று கடைசி நேரத்தில் போகிறவர்கள் இங்கேதான் சிக்குவார்கள். பாதுகாப்புச் சோதனையில் வரிசை இருக்காது, ஆனால் அந்த 45 நிமிடம் வளையாது.

சீட் தேர்வு செய்யாவிட்டால் எங்கே கிடைக்கிறதோ அங்கே. சின்னக் குழந்தை இருந்தால் குறைந்தது குழந்தைக்கும் ஒரு பெரியவருக்கும் மட்டும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டாகக் காசு கொடுத்து எடுத்துவிடுங்கள். நாலு பேருக்கும் எடுக்க வேண்டியதில்லை. சீட் பின்னால் சாயாது. முட்டிக்கு முன்னால் இடம் குறுகல். ஆறடி ஆள் என்றால் 'அலீஜியன்ட் எக்ஸ்ட்ரா' வரிசையில் 34 அங்குலம் கிடைக்கும். இரண்டரை மணி நேரப் பறப்பு, மற்றவர்கள் தாங்கிக்கொள்ளலாம். சாப்பாடு, குடிப்பது எல்லாம் விலைக்கு. காலி பாட்டில் கொண்டுபோய்ச் சோதனை தாண்டி நிரப்பிக்கொள்ளுங்கள். புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போனால் யாரும் தடுப்பதில்லை.

இறங்கும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் இருந்து 'ஓர்லாண்டோ' என்று விற்பது சான்ஃபோர்டு. ஊரின் வடகிழக்கில் இருக்கிறது. டிஸ்னியோ தென்மேற்கில், காரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். வழியில் 417 சுங்கச்சாலை. வாடகைக் காரில் சுங்கம் கட்டுவதற்குப் பொருத்தியிருக்கும் கருவிக்கு நாள் கட்டணம் தனியாக விழும். டாம்பாவுக்குப் பதில் செயின்ட் பீட்–கிளியர்வாட்டர், ஃபீனிக்ஸுக்குப் பதில் மேசா. இந்தச் சின்ன நிலையங்களில் வரிசை கிடையாது, இறங்கிப் பத்து நிமிடத்தில் காரில் ஏறலாம். ஆனால் நள்ளிரவில் வந்து இறங்கினால் கார் கவுன்ட்டர் மூடியிருக்கலாம், திறந்திருக்கும் நேரத்தை முன்பே பாருங்கள்.

இப்போது அந்தச் சிக்கல். விமானம் ரத்தானால் அடுத்தது நாளைக்கு இல்லை, மூன்று நாள் கழித்து. மற்ற நிறுவனத்து விமானத்தில் ஏற்றிவிடும் ஏற்பாடு இவர்களுக்கு இல்லை. விமானத்தின் சொந்தத் தளம் ஓர்லாண்டோவில் இருந்தால், அங்கே காலையில் தாமதமான விமானம் உங்கள் ஊருக்கு வந்து திரும்புவதும் தாமதம். உங்கள் ஊரில் மாற்று விமானம் நிற்காது. ரத்து என்றாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் போக மறுத்தாலோ பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். வவுச்சர் நீட்டினால் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் கடைசி நிமிடத்தில் வேறு டிக்கெட் வாங்கும் செலவை அந்தப் பணம் ஈடுகட்டாது. திங்கள் காலை வேலைக்குப் போக வேண்டியவர் வியாழன்–ஞாயிறு ஜோடியை எடுப்பதைவிட, லீவு கிடைத்தால் ஞாயிறு போய் வியாழன் வருவது நிம்மதி. விலையும் பெரும்பாலும் குறையும்.

இவர்கள் கதையில் சறுக்கலும் உண்டு. ஃபுளோரிடாவில் 'சன்சீக்கர்' என்று சொந்த ரிசார்ட் கட்டினார்கள். 2022-இல் இயான் புயல் அடித்தது, 2023 டிசம்பரில் திறந்தது, 2025-இல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 20 கோடி டாலருக்கு விற்றுக் கைகழுவினார்கள். கட்டிய செலவு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். டிக்கெட்டோடு சேர்த்து அடுத்தவர் ஓட்டலில் அறை விற்றுக் கமிஷன் வாங்கியது நல்ல தொழில். தானே ஓட்டல்காரர் ஆனது வம்பு. புது போயிங் விமானங்களும் இன்னொரு சோதனை. எரிபொருள் மிச்சம்தான், ஆனால் தவணை கனமானது, செவ்வாய்க்கிழமை சும்மா நிறுத்தி வைக்க மனம் வராது. வருங்காலத்தில் இவர்கள் சந்தை நாள் தவிர்த்த நாட்களிலும் பறந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பயணிக்கு அது நல்லதே.

அதுவரை கல்யாணம், நேர்காணல், கப்பல் பயணம் மாதிரி தேதி தவறக்கூடாத காரியத்துக்கு இதை எடுக்காதீர்கள். முக்கியமாக, வேறொரு நகரத்தில் இருந்து சென்னைக்குக் கிளம்பும் விமானத்தைப் பிடிக்க இதை இணைப்பு விமானமாக்க வேண்டாம். இரண்டும் தனித்தனி டிக்கெட். பெட்டியை நேரே அனுப்ப மாட்டார்கள். இது தாமதமாகி அது போய்விட்டால் இரண்டு பக்கமும் கைவிரிப்பார்கள்.